முதல் போட்டி எது: வால் கட்டிய இயந்திரமா, தானே நீந்தும் இயந்திரமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் படித்த கல்லூரியிலிருந்து ஜூனியர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் இரண்டாம் ஆண்டு. மெக்கானிக்கல் பையன்கள் இருவர், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒருவன், டீம் லீடராக இ.சி.இ. படிக்கும் பெண். நிர்வாகம் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். பழைய மாணவர்களிடம் கேட்டு இன்னொரு ஒன்றரையைத் திரட்டிவிடுவார்கள். தண்ணீருக்குள் போகும் ரோபோ செய்ய வேண்டும், போட்டிக்குப் போக வேண்டும். "எந்தப் போட்டிக்குண்ணா?" என்பதுதான் கேள்வி.

நோட்டில் நான்கு பெயர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: அமெரிக்காவின் மேட், அதே அமெரிக்காவின் ரோபோசப், சிங்கப்பூர் ஏ.யூ.வி. சேலஞ்ச், நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி. நடத்தும் 'சேவ்'. ஒவ்வொன்றுக்கும் எதிரே பரிசுத் தொகையைக் குறித்திருந்தார்கள். அந்தப் பத்தியை முதலில் அடிக்கச் சொன்னேன். முதல் வருடம் போகிற டீமுக்குப் பரிசுத் தொகை ஒரு தகவலே இல்லை.

பார்க்க வேண்டியது வேறு. இந்த நான்கும் ஒரே வகைப் போட்டி இல்லை. மேட் என்பது ஆர்.ஓ.வி. போட்டி. இயந்திரம் தண்ணீருக்குள் இருக்கும், ஓட்டுகிறவர் கரையில் இருப்பார், நடுவில் ஒரு கேபிள். அதை டெதர் என்பார்கள். நாங்கள் 'வால்' என்போம். மற்ற மூன்றும் ஏ.யூ.வி. போட்டிகள். வால் கிடையாது. தண்ணீருக்குள் விட்ட பிறகு உங்களால் செய்ய முடிந்தது கைகட்டி நிற்பதுதான். வைஃபை போன்ற ரேடியோ அலை தண்ணீரில் சில அடிகள்கூடப் போகாது, ஜி.பி.எஸ். சுத்தமாகக் கிடையாது. ஒன்று, வால் வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்துக்கே மூளை வேண்டும். முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான், போட்டியின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அது என்பதால். 2002இல் தொடங்கிய போட்டி. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து கல்லூரி வரைக்கும் தனித்தனிப் பிரிவுகள். அனுபவமுள்ள கல்லூரி அணிகள் போவது எக்ஸ்ப்ளோரர் பிரிவுக்கு. அங்கே உங்களை டீமாக நடத்த மாட்டார்கள், கம்பெனியாக நடத்துவார்கள். சி.இ.ஓ. ஒருவர், கணக்கு பார்க்க ஒருவர், தொழில்நுட்ப அறிக்கை, விளம்பரப் பலகை, நடுவர்கள் முன்னால் விளக்கவுரை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. ஓரம் மழுங்காத ஒரு தகடு இருந்தால்கூடத் தண்ணீரில் இறக்க விட மாட்டார்கள். ப்ரொபெல்லரைச் சுற்றி விரல் நுழையாத மறைப்பு வேண்டும். ஆரம்பத்தில் இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மதிப்பு தெரியும்.

மேட்டில் முக்கியமான விஷயம் மின்சாரம். இயந்திரத்துக்குள் பேட்டரி வைத்து ஓட்டக் கூடாது, கரையிலிருந்து வால் வழியாகத்தான் கரண்ட். எக்ஸ்ப்ளோரருக்கு 48 வோல்ட், 30 ஆம்ப் ஃப்யூஸ். அதற்குக் கீழே இருக்கும் ரேஞ்சர் பிரிவுக்கு 12 வோல்ட், 25 ஆம்ப். கேட்க நிறைய இருப்பது மாதிரி தோன்றும், கணக்குப் போட்டால் தெரியும். தண்ணீரைத் தள்ளி இயந்திரத்தை நகர்த்தும் மோட்டாரைத் த்ரஸ்டர் என்பார்கள். ப்ளூ ரோபாட்டிக்ஸ் கம்பெனியின் டி200 த்ரஸ்டர்தான் இந்த வட்டாரத்தில் எல்லாரும் ஆசைப்படுவது. 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்றே ஏறக்குறைய 17 ஆம்ப் இழுக்கும். ஆறு த்ரஸ்டர் வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முறுக்கினால் நூறு ஆம்ப். 25 ஆம்ப் ஃப்யூஸ் எந்த மூலைக்கு? ஆகவே மென்பொருளில் கடிவாளம் போட வேண்டும். இதோடு வயரில் விழும் வோல்ட்டேஜ். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் 15 மீட்டர் வால் கட்டினால், போக வர 30 மீட்டர். 25 ஆம்ப் ஓடும்போது மூன்று வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலைந்துபோகும். 12 அனுப்பினால் கீழே 9கூட வராது. சரி, தடி வயர் போடலாம் என்றால் வால் விறைத்துப்போய் இயந்திரத்தையே இழுத்துத் திருப்பும். 48 வோல்ட் கொடுப்பது இதற்காகத்தான். ஆனால் அப்போது உள்ளே 48ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும், அதன் சூட்டை வெளியேற்ற வழி வேண்டும். புத்தகத்தில் ஓம் விதியைப் படித்துவிட்டு மறந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் எல்லாம் திரும்ப ஞாபகம் வரும்.

மேட் பற்றிப் பேசினால் 2004ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்ற பள்ளி. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள் நான்கு பேர், சான்டா பார்பராவில் நடந்த போட்டியில் பள்ளிப் பிரிவை விட்டுவிட்டுக் கல்லூரிப் பிரிவான எக்ஸ்ப்ளோரரில் பெயர் கொடுத்தார்கள். கடைசி இடம் வந்தாலும் கல்லூரிக்காரர்களிடம்தானே தோற்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. பி.வி.சி. பைப்பில் செய்த இயந்திரம், பசை நாற்றத்தால் 'ஸ்டிங்கி' என்று பெயர். அங்கே போன பிறகு பேட்டரிப் பெட்டியில் தண்ணீர் கசிந்தது. (அன்றைய விதிப்படி உள்ளே பேட்டரி வைக்கலாம்.) பிரித்து ஒட்ட நேரமில்லை. கடைக்குப் போய், பெண்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பூன் பஞ்சை வாங்கி வந்து உள்ளே திணித்தார்கள். ஈரத்தை அது குடித்துக்கொண்டது. அந்தப் பிரிவில் போட்டியிட்ட எம்.ஐ.டி. அணியைத் தாண்டி முதல் பரிசு வாங்கினார்கள். இதைச் சொன்னதும் மெக்கானிக்கல் பையன்களின் முகம் மலர்ந்தது, அப்போ மேட்டுக்கே போகலாம் என்பதுபோல. அவசரப்படாதீர்கள் என்றேன். அவர்கள் இருந்த ஊரிலிருந்து போட்டி நடந்த ஊருக்கு வேனிலேயே போய்விடலாம். நமக்கு விசா வேண்டும். விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைக்க வேண்டும். ஆறு பேர் டிக்கெட், தங்குமிடம், பெட்டிக்கு எடைக் கட்டணம். மூன்று லட்சம் இயந்திரத்தைத் தொடாமலேயே கரைந்துவிடும். உலகப் போட்டி வழக்கமாக ஜூனில் வரும். நம் செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே. மற்றவர்கள் குளத்தில் கிடக்கும் மாதங்களில் நாம் அரியர் இல்லாமல் தப்பிக்கப் படித்துக்கொண்டிருப்போம்.

ரோபோசப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1998இலிருந்து நடக்கிறது, ஏ.யூ.வி. உலகில் பெரிய திருவிழா இதுதான். பல ஆண்டுகள் சான் டியேகோவில் அமெரிக்கக் கடற்படையின் டிரான்ஸ்டெக் குளத்தில் நடந்தது. 38 அடி ஆழம், பச்சையாகக் கலங்கிய தண்ணீர். பிறகு மேரிலாந்துக்குப் போய், மறுபடி சான் டியேகோவுக்கே திரும்பி, அப்புறம் கலிஃபோர்னியாவின் இர்வைனுக்கு மாறியது. வாசல் வழியாக நுழைவது, தரையில் கிடக்கும் பட்டையைப் பார்த்துத் திசை பிடிப்பது, டார்பிடோ விடுவது, பெட்டிக்குள் குறிபார்த்துப் போடுவது, பிங்கர் என்ற ஒலிக்கருவி எழுப்பும் சத்தத்தைத் தேடிப் போய் மேலே எழுவது என்று பணிகள் போய்க்கொண்டே இருக்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் 'மத்ஸ்யா' அணி பல ஆண்டுகளாக அங்கே போய் வருகிறது. ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாக இயந்திரம் செய்கிறார்கள். ரகசியம் அதுதான். முதல் வருடத்தில் யாரும் அங்கே ஜெயிப்பதில்லை. சீனியர் விட்டுப்போன மென்பொருளும் கருவியும் ஜூனியர் கைக்கு வர வேண்டும். உங்களுக்குச் சீனியரே இல்லை.

பிங்கர் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 25லிருந்து 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி, நம் காதுக்குக் கேட்காது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 30 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் அலையின் நீளம் 5 சென்டிமீட்டர். ஒலி வரும் திசையைக் குழப்பமில்லாமல் கண்டுபிடிக்க, ஹைட்ரோஃபோன்களை, அதாவது தண்ணீருக்குள் ஒலி கேட்கும் மைக்குகளை, இரண்டரை சென்டிமீட்டருக்குள் நெருக்கி வைத்து, அவற்றுக்கு ஒலி வந்து சேரும் நேரத்தில் இருக்கும் மைக்ரோ நொடி வித்தியாசத்தை அளக்க வேண்டும். கான்கிரீட் சுவரில் பட்டு எதிரொலி வேறு வந்து குழப்பும். ஒரு முழு செமஸ்டர் ப்ராஜெக்ட் இது. பெரிய அணிகள் வேகத்தை அளக்க டி.வி.எல். என்றொரு கருவி வைத்திருப்பார்கள். அது ஒன்றின் விலையே உங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டும்.

பேட்டரி விஷயமும் இங்கேதான் வருகிறது. கல்லூரி அணிகள் இதை டிக்கெட் போட்ட பிறகுதான் கவனிக்கின்றன. விமானத்தில் கழற்றிய லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும். 100 வாட்-அவர் (வோல்ட்டை ஆம்ப்-அவரால் பெருக்கினால் வருவது) வரை பிரச்சினை இல்லை. 100லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு இரண்டு கொண்டுபோகலாம். அதற்கு மேல் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. ட்ரோன்காரர்கள் வாங்கும் நான்கு செல் லிப்போ பேட்டரி, 14.8 வோல்ட், 10 ஆம்ப்-அவர் என்றால் 148 வாட்-அவர். அனுமதி வாங்கித் தப்பிக்கலாம். அதே நான்கு செல்லில் 16 ஆம்ப்-அவர் என்றால் 237. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆக, ஏ.யூ.வி. செய்கிறவர்கள் இயந்திரத்தின் எடை, த்ரஸ்டர் எண்ணிக்கை எல்லாவற்றையும் விமானத்தில் ஏறும் பேட்டரியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். ரோபோசப் 57 கிலோ வரைக்கும் அனுமதிக்கிறது என்று விதியில் படித்துவிட்டுப் பெரிதாகச் செய்து வைத்தால் சென்னை விமான நிலையத்தைத் தாண்டாது. மேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, கரண்டை அவர்களே தருகிறார்கள்.

அடுத்தது சிங்கப்பூர். 2013இல் தொடங்கியது. பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் கடல்பொறியியல் கிளை நடத்துகிறது. சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானம். விசா ஏஜென்ட் வழியாகவே வந்துவிடும். ஆழம் அதிகமில்லாத நீச்சல் குளத்தில் நடக்கிறது. கசிவு இருந்தாலும் மெதுவாகத்தான் உயிரை எடுக்கும். பணிகளும் அளவானவை: வாசலைக் கடந்து நேராகப் போ, தரையில் இருக்கும் டிரம்முக்குள் பந்தைப் போடு, நின்றுகொண்டிருக்கும் கம்பத்தை இடி. ஹைட்ரோஃபோன் இல்லாமலேகூட ஓரளவு மதிப்பெண் வாங்கலாம். முதல் வாசலுக்கு, சொன்னால் வெட்கம்தான், "இந்த ஆழத்தில் நில், இந்தத் திசையைப் பிடி, இத்தனை நொடி நேராகப் போ" என்று எழுதினாலேகூடப் போதும். அதையும் உருப்படியாகச் செய்யத் திசைகாட்டி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். த்ரஸ்டருக்குக் கரண்ட் போகும் வயருக்குப் பக்கத்தில் அதை வைத்தால், வேகம் கூட்டும்போதெல்லாம் வடக்கு இடம் மாறும்.

நாங்கள் படிக்கும்போது சிங்கப்பூர் போனோம், அங்கே கோட்டைவிட்டது கேமராவில். பயிற்சிக்கு எங்களுக்குக் குளம் கிடைத்தது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், பொது ஜனம் எல்லாம் ஏறிப் போன பிறகு. அந்த வெளிச்சத்தில் எடுத்த நான்காயிரம் படங்களை வைத்து, படத்தில் பொருளை அடையாளம் காணும் ஏ.ஐ. மாடலைப் பழக்கினோம். ஆரஞ்சு நிறக் கம்பத்தை நூறடிக்கு அந்தப்பக்கம் வைத்தாலும் கண்டுபிடிக்கும் என்று பெருமை. போட்டியில் எங்கள் முறை வந்தது பகல் பதினொன்றரைக்கு. தலைக்கு மேல் வெயில், குளத்தின் தரையெங்கும் மீன்வலை விரித்த மாதிரி ஒளி நெளிகிறது. எங்கள் இயந்திரம் வாசலைத் தாண்டி, தரையில் நெளிந்த வெளிச்சத்தைக் கம்பம் என்று நினைத்து, பயபக்தியோடு தரையைப் போய் முட்டிக்கொண்டே இருந்தது. கரையில் நின்ற எங்களுக்கு நேரம் முடியும்வரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

'சேவ்' பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நம் ஊரிலேயே கடலுக்குள் நிஜமாக இயந்திரம் இறக்குகிறவர்கள் நடத்துவது. என்.ஐ.ஓ.டி.யின் ரோசப் 6000 என்ற ஆர்.ஓ.வி. 2010இலேயே இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் ஆழம் தொட்டது. அப்படிப்பட்டவர்கள் உங்கள் இயந்திரத்தைக் குனிந்து பார்த்து "இந்த சீல் எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்பதற்காகவே போகலாம். பஸ்ஸில் போகலாம், பேட்டரிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அறிவிப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெயர் கொடுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி வருடத்தைத் திட்டமிட வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் அவர்களிடம் கேட்டது: "தண்ணி எங்கே இருக்கு?" ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் பின்னால் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி என்றான் ஒருவன். அதில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கலாம், திரும்பக்கூட இடம் இருக்காது. முதல் வருட டீம்கள் தோற்பது பணத்தாலோ கோடிங்காலோ இல்லை; தண்ணீருக்குள் இருந்த மணிநேரம் போதாமல்தான். நகரத்துக் கல்லூரிகள் நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுக்கும். கொங்கு நாட்டில் நமக்கு அதைவிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது. கிணறு.

நாங்கள் மூன்றாம் ஆண்டில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் பரிசோதித்தோம். ஆறு அங்குல அக்ரிலிக் குழாய், இரண்டு பக்கமும் அலுமினிய மூடி, மூடிக்கு இரண்டு ஓ-ரிங், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். வாளியில் முக்கியபோதும் தொட்டியில் போட்டபோதும் சொட்டுக் கசிவு இல்லை. கிணற்றில் முதலில் அது முங்கவே மறுத்தது, நீச்சல் பழகும் பிள்ளைகள் இடுப்பில் கட்டும் சுரைக்குடுக்கை மாதிரி. ஈயக்குண்டு கட்டி, தஞ்சாவூர் பொம்மை போல கனம் கீழே, மிதப்பு மேலே என்று சரிசெய்து, கயிற்றில் எட்டு மீட்டர் இறக்கினோம். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, நான்கு மடிப்பு டிஷ்யூ பேப்பர் மட்டும். இருபது நிமிடம் கழித்துத் தூக்கினால், டிஷ்யூவின் ஒரு மூலை ரூபாய்க் காசு அளவுக்கு நனைந்திருந்தது. மூடியைக் கழற்றி ஓ-ரிங்கை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நெருடியது. க்ரீஸில் ஒட்டிக்கொண்ட ஒரு தலைமுடி. எட்டு மீட்டரில் அந்த மூடியின் மேல் இருந்த அழுத்தம் ஏறக்குறைய 140 கிலோ. வாளி அதைக் காட்டியே கொடுக்காது. அன்றிலிருந்து மூடியைப் பூட்டுகிறவர் தலையில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் டீம் சட்டம். அப்புறம் ஒரு கை வாக்குவம் பம்ப் வாங்கினோம். உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு முள் கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறக்குவது. எங்கள் பட்ஜெட்டில் இதைப்போல் பலன் தந்த பொருள் வேறில்லை.

சரி, என் முடிவு. மனசுக்குப் பிடித்தது மேட் என்றாலும், இவர்களுக்கு நான் சொன்னது சிங்கப்பூர். ஆனால் நேராக ஏ.யூ.வி. செய்ய உட்கார வேண்டாம். முதல் ஆறு மாதம் வால் கட்டிய இயந்திரம்தான் செய்ய வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும். வால் என்பது ஒரு மெல்லிய நெட்வொர்க் கேபிள் மட்டும். கரையில் ஜாய்ஸ்டிக்கோடு ஒருவர் ஓட்டட்டும். ஓட்டும்போதே கேமரா பார்ப்பதையெல்லாம் பதிவு செய்துகொள்ளுங்கள், காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும். ஆழத்தில் நிற்பது, திசையில் நிற்பது இரண்டும் கைபடாமல் நடக்க ஆரம்பித்த நாளில் கேபிளைக் கழற்றுங்கள். அதே இயந்திரம்தான் ஏ.யூ.வி. கேபிளைத் திரும்ப மாட்டினால் கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரைத் தேடக்கூடப் பயன்படும். ஊரில் பெயர் கிடைக்கும்.

த்ரஸ்டர் விஷயத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒரு சண்டை போட்டான். டி200 ஒன்றே இருநூறு டாலருக்கு மேல். ஆறு வாங்கி, கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் பட்ஜெட்டில் பாதி போய்விடும். ட்ரோனுக்குப் போடும் ஐந்நூறு ரூபாய் மோட்டாரையே தண்ணீரில் ஓட்டலாமே என்றான். ஓடும், பொய்யில்லை. நல்ல தண்ணீரில் சில வாரம் ஓடும், அப்புறம் பேரிங் துருப்பிடித்துக் கீச்சிடும். பயிற்சிக்கு அதையே போட்டு ஓட்டுங்கள், போட்டிக்கு மூன்று மாதம் முன்னால் நல்லதை வாங்குங்கள் என்று சமாதானம் செய்தேன். மவுன்ட் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி மெக்கானிக்கல்காரர்கள் வரைந்துகொள்ள வேண்டும். அவர்கள் அதற்கு முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

தேதிதான் ஒரு சிக்கல். சிங்கப்பூர்ப் போட்டி பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும், இன்டர்னல் தேர்வுகள் குவியும் நேரம். துறைத்தலைவரிடம் ஆன்-டூட்டிக்கு இப்போதே கடிதம் கொடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டாவது வருடம் இதே இயந்திரத்தில் ஹைட்ரோஃபோன் ஏற்றி, ஜூனியர்களைச் சேர்த்துக்கொண்டு ரோபோசப்பைப் பற்றி யோசிக்கலாம். மேட்? செலவை ஏற்க ஸ்பான்சர் யாராவது வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

கிளம்பும்போது மற்ற மூவரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். டீம் லீடர் மட்டும் திரும்பி வந்து, "உங்க கிணத்துல இப்ப தண்ணி எவ்வளவுண்ணா இருக்கு?" என்று கேட்டாள். முப்பது அடி இருக்கும் என்றேன். அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்றாள். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அன்றைக்கு மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய முறை இல்லையாம், மோட்டார் போட மாட்டார்.